கற்பிட்டியும் ஆங்கில மேற்குறியும்

புத்தளக் கரையோரத்துக் கற்பிட்டியில் 1807ஆம் ஆண்டு பிறந்த சைமன் காசிச்செட்டி, 1834இல் இலங்கைக் கசற்றியரையும் 1859இல் தமிழ்ப் புளூராக்கையும் ஆங்கிலத்திலேயே இயற்றினார். தமிழ்ப் புலவர் வரலாற்றைப் பிறமொழியார்க்கு அறிவித்த இவ்வறிஞர் இருவேறு எழுத்துமுறைகளிடையே வாழ்ந்தவர். அக்காலத் தமிழ் ஏடுகளில் மெய்யெழுத்துக்குரிய புள்ளிதானும் பெரும்பாலும் இடப்படுவதில்லை. காற்புள்ளி முதலியனவும் இல. அவர் கையாண்ட ஆங்கிலமோ, சொல்லின் மேல் தொங்கும் சிறு கீற்றொன்றாற் பொருள் வேறுபடும் மொழியாகும். அப்பொஸ்ரபி என்பது அக்கீற்றின் பெயர்.

பதினாறாம் நூற்றாண்டிற் பிரெஞ்சு வழக்கினின்றும் ஆங்கிலத்திற் புகுந்த இக்குறி, தொடக்கத்தில் எழுத்துக் கெட்டமையையே காட்டிற்று. பழைய ஆங்கிலத்திற் பல பெயர்கள் உடைமைப் பொருளில் 'எஸ்' என்னும் அசையை இறுதியிற் பெற்றன. அவ்வசையின் உயிரொலி தேய, அது நின்ற இடத்தைக் குறி நிரப்பியது. இவ்வரலாறு மறைந்தபின், அரசன் என்னும் பெயரோடு 'அவனுடைய' எனப் பொருள்படும் 'ஹிஸ்' சேர்ந்து குறுகியதே இவ்வுருபு என்று கருதியோரும் உளர். பெண்பாற் பெயரும் அதே உருபை ஏற்பது அக்கருத்தை வீழ்த்தப் போதுமானது. ஒருமைக்குரிய வழக்கு நிலைபெற்றபின்னரே, பன்மையில் எஸ் எழுத்தின் பின்னே குறியிடும் வழக்கு பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வேரூன்றலாயிற்று. ஆகவே காசிச்செட்டியார் கற்ற காலத்தில் அவ்விதி மிகப் பழையதன்று.

தமிழ் மாணவர் இங்கு இடர்ப்படுவதற்குத் தக்க காரணம் உண்டு. நன்னூலார் ஆறாம் வேற்றுமைக்கு ஒருமையில் 'அது', 'ஆது' என்பவற்றையும் பன்மையில் 'அ' என்பதையும் விதித்தார். எனது கை, என கைகள் என வரும். இவ்வேறுபாடு உடைமைப் பொருளின் எண்ணைப் பற்றியது. ஆங்கிலம் நோக்குவதோ உடையவனின் எண்ணை. மாணவன் ஒருவனாயிற் குறி எஸ்ஸுக்கு முன்னும், பலராயிற் பின்னும் நிற்கும். சிறுவரைக் குறிக்கும் 'சில்ட்றன்' போன்று எஸ் பெறாத பன்மையாயின், குறியும் அதன்பின் எஸ்ஸும் வரும்.

மிகுதியும் பிழைபடுவது 'இட்ஸ்' என்பதே. 'அதன்' எனப் பொருள்படுமிடத்துக் குறி வாராது; 'அது' என்னும் எழுவாயோடு வினை தொக்கு நின்றால் வரும். ஆங்கிலேயரே முற்காலத்தில் 'அதன்' என்னும் பொருளிலும் குறியிட்டு எழுதினர் என்பதை அறியின், திருத்துவோர் சினம் சற்றுத் தணியலாம்.

மன்னாருக்கு அப்பாலுள்ள சேதுவை ஆங்கிலேயர் ஆதாமுக்கு உரிமையாக்கிக் குறியோடு எழுதினர். கற்பிட்டிக் குடாநாட்டை அடுத்த இரு விரிகுடாக்களுக்கோ ஒல்லாந்தர் பெயரும் போர்த்துக்கல் பெயரும் எக்குறியுமின்றி அமைந்துள்ளன. உருபின்றி இரு சொற்கள் அடுத்து நிற்கும் இவ்வமைப்பு, நம் ஆறாம் வேற்றுமைத்தொகையை ஒத்தது. கற்பிட்டிக் கோட்டை 1795இல் ஆங்கிலேயர் கைக்கு மாறிய பின்னரும் அப்பெயர்கள் வரைபடத்தில் அவ்வாறே நின்றுவிட்டன.