கில்ட் உடையும் டார்ட்டன் தேர்வும்

கில்ட் என்பது ஸ்காட்லாந்தின் மேட்டுநிலப் பிரதேசத்து ஆடவர் இடையில் சுற்றி முழங்காலளவு அணியும், பின்புறம் கொசுவம் வைத்துத் தைத்த கம்பளி உடையாகும். குறுக்கும் நெடுக்குமாகப் பல வர்ண நூல்கள் ஊடாடி அமையும் அதன் கட்டக் கோலமே டார்ட்டன் எனப்படும். மரபான கில்ட் ஒன்றுக்கு ஏறக்குறைய 8 கஜம் துணி வேண்டும்.

குலத்துக்கொரு டார்ட்டன் என்னும் நியமம் மிகப் புராதனமானதென்று பலர் கருதினும், 1746ஆம் ஆண்டுச் சட்டத்தால் விலக்கப்பட்ட மேட்டுநில உடை 1782இல் அத்தடை நீங்கப் பெற்று, 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு விஜயம் செய்தபோது நாவலாசிரியர் வால்ட்டர் ஸ்காட் வகுத்த வைபவங்களால் பிரசித்தியடைந்த பின்னரே அந்நியமம் நிலைபெற்றது என்பது சரித்திர ஆசிரியர் பலரின் துணிபு.

தந்தைவழிக் குடும்பப் பெயருக்குரிய டார்ட்டனை அணிவதே பெருவழக்கு. தாய்வழிக் குலத்தினதையோ, பிறந்த மாவட்டத்தினதையோ ஏற்பதும் உண்டு. குலத்தொடர்பு இல்லாதார் பிளாக் வாட்ச், கலிடோனியன் போன்ற பொதுக் கோலங்களை நாடுவர். இத்தேர்வைக் கட்டுப்படுத்தும் சட்டம் இல்லையாயினும், பால்மோரல் டார்ட்டன் சம்பிரதாயப்படி அரச குடும்பத்துக்கே உரித்தாகக் கொள்ளப்படுகிறது.

நித்திய உடையாகக் கில்ட் அணிவோர் இக்காலத்தில் அரியர். எனினும் விவாகங்களிலும், மேட்டுநில விளையாட்டு விழாக்களிலும், ரக்பி பந்தயங்களிலும் அதற்குள்ள மதிப்புக் குன்றவில்லை. 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த ஸ்காட்லாந்து டார்ட்டன் பதிவேட்டில் ஸ்தாபனங்களும் தனி நபர்களும் புதுக் கோலங்களைப் பதிவு செய்து வருவதாலும், இலேசான துணியிலும் ஒற்றை வர்ணத்திலும் கில்ட்டுகள் தைக்கப்படுவதாலும், குல அடையாளமாக விளங்கிய இவ்வுடை இனி அவரவர் விருப்பத்துக்கேற்ற விசேஷ உடையாக நீடிக்குமென்று கொள்ளலாம்.