குறை எண்ணும் மட்டு மதிப்பும்

முழு எண் கணக்கில் மாணவர் மயங்குமிடம் குறியே என்பது ஆசிரியர் நன்கறிந்தது. அதன் வரலாற்றை ஈண்டு நோக்குவோம். கி.பி. 628-இல் பிரமகுப்தர் தம் பிரம்மஸ்புட சித்தாந்தத்தில் நேர் எண்ணைச் செல்வம் என்றும் குறை எண்ணைக் கடன் என்றும் வழங்கினார். கடனொடு கடன் கூடின் கடன். கடனும் செல்வமும் கூடின் அவற்றின் வேறுபாடு. கடனைக் கடனாற் பெருக்கின் செல்வம் என விதித்தார்.

ஏழு கடனும் நான்கு செல்வமும் கூடின் மூன்று கடன் எஞ்சும். இங்கே குறியை நீக்கி, ஏழு, நான்கு என்னும் அளவுகளையே ஒப்பிடுகின்றோம். அவ்வளவே மட்டு மதிப்பு. அதனைக் குறிக்கும் இருகோட்டுக் குறியீட்டை ஜெர்மானிய அறிஞர் வயர்ஸ்ட்ராஸ் 1841-இல்தான் வழங்கினார். பெருக்கல் விதியோ கடன் உவமையால் விளங்காது. அதற்கு வேறு விளக்கம் வேண்டும். எனவே, கூட்டலுக்குக் கடனை முன்வைத்து, கோட்டினைப் பின்னர்க் காட்டுதலே தக்க முறை என்பது எம் துணிபு.