பொய்யோலையும் ஒப்புநோக்கும்

எழுத்துத் தோன்றிய காலத்திலேயே பொய்யெழுத்தும் தோன்றியிருத்தல் வேண்டும். ஆகவே, வந்த ஓலை உண்மையானதுதானா என்று சோதித்தறியும் முறையும் பழமையானதே. தமிழிலக்கியத்தில் இதற்குச் சிறந்த சான்றுகள் இரண்டு உள.

சிலப்பதிகாரத்தில், மாதவி விடுத்த ஓலையைக் கௌசிகன் கொணர்ந்து வழியிடையே கோவலனிடம் தருகின்றான். அவ்வோலையின் மண்ணிலச்சினையில் அவள் கூந்தலால் பொறி ஒற்றப்பட்டிருந்தது. அதிலிருந்து எழுந்த நெய்மணத்தைக் கொண்டே, ஓலையைப் பிரிக்குமுன் அது யாருடையது என்பதைக் கோவலன் உணர்ந்துகொண்டான்.

பெரியபுராணத்தில் சோதனை இன்னும் விரிவானது. சுந்தரரின் மணப்பந்தலுக்கு வந்த முதியவர் ஒருவர், அவர் தமக்கு வழியடிமை என்று கூறி ஓலை காட்டினார். சுந்தரர் அதைப் பிடுங்கிக் கிழித்துவிட்டார். கிழிந்தது படியோலை; மூலவோலை தம்மிடம் உண்டு என்றார் முதியவர். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் சென்றது. அவையோர் சுந்தரரின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையை வருவித்து, இரண்டின் கையெழுத்தையும் ஒப்புநோக்கிய பின்னரே முடிவு கூறினர். அவ்வாறு ஒப்புநோக்குமாறு கேட்டவரும் அம்முதியவரே என்பது கருதத்தக்கது. உண்மையான ஓலையை உடையவர் சோதனையை வரவேற்பார்; பொய்யோலை கொண்டவரோ சோதனைக்கு அஞ்சுவார். பிற்காலத்து அஞ்சல் மோசடிகள் அனைத்தையும் அளக்க இந்த ஓர் அளவுகோல் போதும்.

இதனை மனத்திற்கொண்டு நம் மலைநாட்டுத் தோட்டங்களின் வரலாற்றை நோக்குவோம். 1910-இல் ஒப்பந்தக் கூலிமுறை நிறுத்தப்பட்ட பின்னர், தென்னாட்டிலிருந்து தோட்டங்களுக்கு ஆள் சேர்த்தவர்கள் பெரும்பாலும் கங்காணிமாரே. எழுதப் படிக்கத் தெரியாத சிற்றூராரை ஏமாற்ற ஓலை வேண்டியதில்லை, வாய்ச்சொல்லே போதும். கங்காணியின் உரிமச் சீட்டில் ஊர் முன்சீப்பின் ஒப்பமும், ஆவடி, நாகப்பட்டினம் முகாம்களில் விசாரணையும் இதற்குக் காவலாக ஏற்பட்டன. அக்காவல் எல்லாரையும் காத்தது எனல் இயலாது. ஆயினும் ஒருவர் சொல்லை மற்றொருவர் சோதிக்க வேண்டும் என்னும் கருத்து அதில் இருந்தது. 1938-இல் இந்திய அரசு தொழிலாளரை இவ்வாறு அனுப்புவதைத் தடை செய்ததுடன் அம்முறை முடிவுற்றது.

கேமரன் மலையில் தேயிலை வேரூன்றியது இக்காலத்தின் இறுதிப் பகுதியிலேதான். ஜே. ஏ. ரஸ்ஸல் 1929-இல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933-இல் பாரத் தேயிலை நிறுவனம் தோன்றியது. தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் மலைச்சாலையே வெளியுலகோடு இத்தோட்டங்களை இணைத்தது. லயங்களில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர்க்குத் தாய்நாட்டோடு தொடர்பு கடிதமும் மணியார்டருமே.

மணியார்டர் 1880-இல் இந்திய அஞ்சல் துறை தொடங்கிய முறை. பணம் பெறுபவரின் கையொப்பத்தை, எழுதத் தெரியாதவராயின் பெருவிரல் ரேகையை, வாங்கிய பின்னரே தபால்காரர் பணம் கொடுத்தார். கூந்தல் பொறித்த மண்ணிலச்சினை செய்த வேலையைப் பெருவிரல் ரேகை செய்தது. பணத்திற்கு இவ்வாறு காவல் இருந்தது; ஆனால் கடிதத்திற்கு இல்லை. படிக்கத் தெரியாதவர் தமக்கு வந்த கடிதத்தைக் கிராணியிடமோ கடைக்காரரிடமோ பள்ளி ஆசிரியரிடமோ கொண்டு சென்றார். படித்தவர் சொன்னதே கடிதம். கேட்டவர் நம்பியதே செய்தி. நல்லவர் கையில் அது உதவியாயிற்று. அல்லாதவர் கையில் உண்மைக் கடிதமும் பொய்க் கடிதமாகலாம்.

ஆகவே, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் உள்ள தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்று விதித்த 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தை வெறும் கல்விச் சட்டமாக மட்டும் கருதுதல் கூடாது. தகப்பனாருக்கு வந்த கடிதத்தை மகள் படித்துக் காட்டிய அன்று, அக்குடும்பம் பிறர் வாயை நம்பியிருந்த நிலை நீங்கிற்று.

எனினும் எழுத்தறிவு மட்டும் போதுமா எனின், போதாது என்பதற்கு மேனாட்டு வரலாறே சான்று. பிரான்சு நாட்டுத் துப்பறிவாளர் விடோக் 1828-இல் வெளியிட்ட தம் நினைவுக் குறிப்புகளில், சிறைக் கைதிகள் செல்வர்களுக்கு எழுதிய கடிதங்களைப் பற்றிக் கூறுகின்றார். புதைத்த பொருள் ஒன்று உண்டு, அதை மீட்கச் சிறிது பணம் வேண்டும் என்பதே அவற்றின் சாரம். நூறு கடிதங்களில் இருபதுக்கு மறுமொழி வந்ததாம்! மறுமொழி எழுதியவர்கள் படித்தவர்களே. இதே சூழ்ச்சி பின்னர் ‘ஸ்பானியக் கைதி’ எனப் பெயர் பெற்றது. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் நைஜீரியாவிலிருந்து வந்த கடிதங்களுக்கு அந்நாட்டுச் சட்டப் பிரிவின் எண்ணாகிய 419 பெயராயிற்று. 1860-ஆம் ஆண்டு இந்தியச் சட்டத்தைப் பின்பற்றிய நம் நாட்டுத் தண்டனைச் சட்டத்தில் ஏமாற்றிப் பொருள் பறித்தலுக்குரிய பிரிவு 420 என்பதைத் தமிழர் நன்கறிவர்.

இக்கடிதங்கள் அனைத்திலும் மூன்று கூறுகள் மாறாதிருத்தலைக் காணலாம். பெரும்பொருள் வரப்போகிறது என்பது ஒன்று. அதற்கு முன்பணம் உடனே வேண்டும் என்பது மற்றொன்று. யாரிடமும் சொல்லாதே என்பது மூன்றாவது. முதலிரண்டும் ஆசையையும் அவசரத்தையும் தூண்டுவன. மூன்றாவதோ ஒப்புநோக்கைத் தடுப்பது. திருவெண்ணெய்நல்லூர் முதியவர் அவையை நாடினார்; இவர்கள் அவையை விலக்குகின்றனர். வேறுபாடு இதுவே.

காலம் செல்லச் செல்லக் கையெழுத்து என்னும் சான்றும் குறைந்துவந்தது. தந்தியில் அனுப்பியவரின் கையெழுத்து இல்லை. அத்தந்தியும் இந்தியாவில் 2013-இல் நின்றது. இரண்டாயிரத்துக்குப் பின் நம் நாட்டில் பலருக்கு வந்த சுரண்டல் சீட்டு உறைகளில் இருந்தவை அச்செழுத்துகளே. கார் பரிசு விழுந்துள்ளது, முதலில் வரியைக் கட்டுக என்றன அவை. இன்று உறையும் இல்லை. உங்கள் பெயரில் வந்த பொதியில் தடை செய்யப்பட்ட பொருள் உள்ளது என்று அஞ்சலகத்தின் பெயரால் தொலைபேசி பேசுகின்றது. பின்னர் காவல்துறையின் பெயரால் வேறொரு குரல் மிரட்டுகின்றது. முன்பு ஆசையைத் தூண்டியவர்கள் இப்பொழுது அச்சத்தையும் தூண்டுகின்றனர். யாரிடமும் சொல்லாதே என்னும் கட்டளை மட்டும் மாறவில்லை.

இதில் இழக்கப்படுவது சிறுபொருளன்று. 1951-இல் தோன்றிய ஊழியர் சேமநிதியில் வாழ்நாளெல்லாம் சேர்ந்த தொகை, ஓய்வுபெறும் தொழிலாளியின் கைக்கு ஒருசேர வருகின்றது. கொழுந்து கிள்ளிய கைகள் அத்தகைய தொகையை மீண்டும் ஈட்டுதல் இயலாது.

ஒப்புநோக்கும் வழிகள் இன்றும் உண்டு. பணம் அனுப்பக் கூறும் கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் காவல்துறையின் ‘செமாக் மியூல்’ தளத்தில் சோதிக்கலாம். பணம் போய்விட்டதாயின் 2022-இல் ஏற்பட்ட தேசிய மோசடிப் பதிலளிப்பு மையத்தை 997 என்னும் எண்ணில் உடனே அழைத்தல் வேண்டும். தாமதிக்குந்தோறும் பணம் கைமாறிக்கொண்டே போகும். அழைத்தவர் அதிகாரி என்று கூறினால், தொடர்பைத் துண்டித்துவிட்டு, அந்த அலுவலகத்தின் எண்ணை நாமே தேடி அழைத்துக் கேட்டல் நன்று. பாட்டனாரின் வேறோர் ஓலையை வருவித்ததற்கு இது நிகர்.

தமிழாசிரியர்கள் இதில் ஆற்றக்கூடிய பணி ஒன்றுண்டு. பள்ளிகளில் கடிதம் எழுதக் கற்பிக்கின்றோம். வந்த கடிதத்தைச் சோதிக்கவும் கற்பித்தல் தகும். அனுப்பியவர் யார், கேட்பது யாது, அவசரம் ஏன், பிறரிடம் சொல்லத் தடை உண்டா என்னும் நான்கு வினாக்களை மாணவர் மனத்தில் பதித்துவிட்டால் போதும். தடுத்தாட்கொண்ட புராணத்தை நடத்தும் வகுப்பிலேயே இதனையும் நடத்தலாம். அன்று தோட்டத்தில் ஆசிரியர் படித்துச் சொன்னார். இன்று தாத்தா பாட்டியின் கைப்பேசிக்கு வரும் செய்தியைப் படித்துச் சொல்பவர்கள் பேரப்பிள்ளைகளே.