கார்பன் புள்ளிகள்

கார்பன் புள்ளிகள் என்பவை பொதுவாக 10 நானோமீட்டருக்கும் சிறிய, ஒளிரும் கார்பன் துகள்கள். புறஊதா விளக்கின்கீழ் இவற்றின் நீர்க்கரைசல் பெரும்பாலும் நீலமாகவோ பச்சையாகவோ ஒளிரும். காட்மியம் போன்ற நச்சு உலோகம் இல்லாமலே ஒளிர்வதால், உயிரணுக்களைப் படமெடுக்கவும் நீரிலுள்ள உலோக அயனிகளைக் கண்டறியவும் இவை ஆராயப்படுகின்றன.

வரலாறு

2004இல் அமெரிக்காவின் தென் கரோலைனா பல்கலைக்கழகத்தில் கார்பன் நானோகுழாய்களைத் தூய்மைப்படுத்தும்போது ஒளிரும் துகள்கள் தனியே பிரிந்து வந்தன. 2006இல் கிளெம்சன் பல்கலைக்கழகத்தின் யா-பிங் சுன் குழுவினர், லேசரால் உருவாக்கிய துகள்களின் மேற்பரப்பில் பாலிமரை இணைத்து ஒளிர்வைக் கூட்டினர். 2012இல் ரூர்கேலா தேசியத் தொழில்நுட்பக் கழகத்தினரும் காரக்பூர் ஐஐடியினரும் ஆரஞ்சுச் சாற்றிலிருந்தே இவற்றைத் தயாரித்துக் காட்டினர்.

தயாரிப்பு

அந்த ஆய்வில், எத்தனால் சேர்த்த சாறு மூடிய கலத்தில் 120 டிகிரி செல்சியசில் 150 நிமிடம் சூடாக்கப்பட்டது. சாற்றிலுள்ள சர்க்கரைகளும் அமிலங்களும் நீரை இழந்து, ஒன்றோடொன்று பிணைந்து, கரியாகித் துகள்களாயின. அவற்றின் அளவு 1.5 முதல் 4.5 நானோமீட்டர். எளிதில் கிடைக்கும் இளநீரும் இதற்கு ஏற்ற மூலப்பொருள். நுண்ணலையால் அதைச் சூடாக்கிப் பெற்ற புள்ளிகளைக் கொண்டு தயமின் என்னும் பி1 வைட்டமினை ரூர்கேலா ஆய்வாளர்கள் கண்டறிந்துள்ளனர்.

ஒளியியல் பண்புகள்

கார்பன் புள்ளிகள் புறஊதா ஒளியை வலுவாக உட்கவர்கின்றன. கார்பன்–கார்பன் இரட்டைப் பிணைப்புகளின் உட்கவர்தல் 230–280 நானோமீட்டர் அளவிலும், மேற்பரப்பிலுள்ள கார்பனைல் தொகுதிகளுடையது 300–340 நானோமீட்டர் அளவிலும் தென்படும். தூண்டும் ஒளியின் அலைநீளத்தைக் கூட்டினால், பல மாதிரிகளில் ஒளிர்வின் நிறமும் சிவப்பை நோக்கி நகரும். துகளளவின் வேறுபாடும் மேற்பரப்பு நிலைகளின் பன்மையும் இதற்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன.

உட்கவர்ந்த ஃபோட்டான்களில் எத்தனை பங்கு ஒளிர்வாகத் திரும்புகிறது என்பதே குவாண்டம் ஈட்டம். இதை அளக்க, 54 விழுக்காடு ஈட்டமுள்ள குயினைன் சல்பேட் கரைசலுடன் மாதிரி ஒப்பிடப்படும். துகள் உமிழ்ந்த ஒளியைக் கரைசலே மீண்டும் விழுங்காதிருக்க, உட்கவர்தல் 0.1க்குள் இருக்குமாறு நீர்க்கச் செய்வது கட்டாயம். ஆரஞ்சுச் சாற்றுப் புள்ளிகளின் ஈட்டம் 26 விழுக்காடு.

தூய்மையின் தேவை

சிட்ரிக் அமிலத்தை அமீன்களுடன் சூடாக்கும்போது ஒளிரும் சிறு மூலக்கூறுகளும் உருவாகின்றன. அவற்றின் ஒளி துகளின் ஒளியாகத் தவறாகக் கணக்கிடப்படலாம். எனவே, கரைசலை டயாலிசிஸ் சவ்வால் நன்கு பிரித்து, வெளியேறிய நீரின் ஒளிர்வையும் அளந்து பார்த்த பிறகே ஈட்ட மதிப்பை நம்பலாம்.