கிள்ளானில் கண்ட மோட்டார் வண்டி

சென்ற மாதம் கிள்ளான் நகருக்குச் சென்றிருந்த நாம், ஒரு பட்டறை வாயிலில் "விற்பனைக்கு" என்ற அட்டையுடன் நின்ற பழைய ஆஸ்டின் செவன் வண்டியொன்றைக் கண்டோம். 1922 முதல் 1939 வரை இங்கிலாந்தில் செய்யப்பெற்ற சிறு வண்டி அது. அதன் எஞ்சின் 747 சி.சி. அளவே, நால்வர் நெருக்கி அமரலாம். விலையைக் கேட்டோம், மேலே பேச நா எழவில்லை. ஆயினும் கால் நகர மறுத்தது.

காரணம் எம் பாட்டனார். இவ்வட்டாரத் தோட்டமொன்றில் பால் வெட்டியவர். காசு காசாய்ச் சேர்த்து ஒரு சைக்கிள் வாங்கியவர். தோட்டத்துப் பாதையில் துரையின் மோட்டார் இரைச்சல் கேட்டால் சைக்கிளைவிட்டு இறங்கி ஓரமாக நிற்கவேண்டும். புழுதி அடங்கிய பின்னரே ஏறலாம். துரைக்கு மட்டுமா? நடந்து வரும் கிராணியாருக்கும் இறங்கத்தான் வேண்டும்! தம் சொந்தக் காசில் வாங்கிய சைக்கிளன்றோ அது?

1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் மூண்ட வேலைநிறுத்தத்தை அன்பர்கள் கேள்வியுற்றிருப்பர். சீனத் தொழிலாளர்க்கு ஒப்பான கூலி, கொடிய அதிகாரிகளை நீக்கல், கள்ளுக்கடைகளை மூடல், பிள்ளைகளுக்குக் கல்வி எனக் கோரிக்கைகள் பல. அவற்றுள் ஒன்று, மேலதிகாரிகள் முன்னிலையில் சைக்கிளைவிட்டு இறங்காமல் செல்லும் உரிமை. சரித்திரம் எழுதுவோர் கூலியை முதலில் வைப்பர். நாமோ இதனையே முதலில் வைப்போம். கூலி வயிற்றுக்கு, இது முதுகெலும்புக்கு. போராட்டத்தை முன்னின்று நடத்திய ஆர். எச். நாதன் அவ்வாண்டு மே மாதம் கைதாகிப் பின்னர் நாடு கடத்தப்பட்டார். துருப்புகள் வந்தன, குண்டுபட்டு மாண்ட தொழிலாளரும் உண்டு. அவ்வாண்டு முடியுமுன் ஜப்பானியர் மலாயாவில் இறங்கினர், துரைமாரே ஓடும்படியாயிற்று!

வண்டியின் டயரைத் தொட்டுப் பார்த்தோம். புதிதாகப் போட்டது. 1920-களில் உலக ரப்பரில் ஏறத்தாழப் பாதி மலாயாவிலிருந்தே சென்றது. விடியுமுன் விளக்கேந்திப் பால் மரத்திற்குச் சென்றோரில் பெரும்பகுதியினர் நம்மவர். அவர்கள் சிந்திய பால் கடல் கடந்து சக்கரமாகித் திரும்பி வந்தது. அது வந்த வழியில் அவர்களே இறங்கி நிற்க வேண்டியதாயிற்று.

"உள்ளே அமர்ந்து பாருங்கள், ஐயா," என்றார் பட்டறைக்காரர். அமர்ந்தோம். இருக்கை இறுக்கமாகத்தான் இருந்தது. பாட்டனார் மோட்டார் வண்டியில் ஏறியதேயில்லை. முதுமையிலும் சைக்கிளிற் செல்வார். பின்னால் மோட்டார் ஒலி கேட்டால் அவர் கால் தானே தரையைத் தேடும்.