குளித்தலும் குளிர்தலும்

சென்ற மாதம் ஓர் உடல்நல முகாமுக்குப் போயிருந்தேன். தினமும் விடியலில் பச்சைத் தண்ணீரில் குளிக்க வேண்டும் என்றார் பேச்சாளர். அதில் எனக்கு மறுப்பில்லை. முப்பது ஆண்டாக நானும் அப்படித்தான் குளிக்கிறேன். அடுத்து, "குளிர்வித்தல்தான் குளித்தல் ஆயிற்று, வெந்நீரில் குளிப்பது அந்தச் சொல்லுக்கே விரோதம்" என்றார். கைதட்டல் கிடைத்தது. அலைபேசியில் வெகுநாளாகச் சுற்றும் விளக்கம்தான். அது மேடையேறிக் கைதட்டலும் வாங்கியபின் எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் இலக்கணம். குளிர், குளிர்ந்தது என்று நடக்கும், பிறவினை குளிர்வித்தது. குளி, குளித்தது என்று நடக்கும். தளிர் தளிர்த்தது, துளிர் துளிர்த்தது, வளர் வளர்த்தது என எங்கும் ரகர ஒற்று கெடாமல் நிற்கிறது. குளிரில் மட்டும் ரகரமும் 'வி' விகுதியும் சேர்ந்து எங்கே போயின? மலையாளத்திலும் குளி வேறு, குளிர் வேறு. குறிஞ்சிப்பாட்டில் வரும் குளிரோ தினைப்புனத்தில் கிளி ஓட்டும் கருவி. ஒலி ஒத்துப்போனாலே உறவு என்றால் அதையும் குளியலறைக்குள் கொண்டுவர வேண்டியதுதான்.

இனி நூல்களுக்கு வருவோம். புறநானூற்று 243ஆம் பாட்டில் தொடித்தலை விழுத்தண்டினார் தம் இளமையை நினைக்கிறார். நீர்மேல் தாழ்ந்த மருதமரக் கிளையில் ஏறி, கரையில் நிற்பவர் மருள, நீர் தெறிக்க மடுவில் பாய்கிறான் பையன். பாய்ந்தவன் குளிக்கிறான், அடிமணலை அள்ளிக்கொண்டு வருகிறான். அந்த இடத்தில் 'குளித்து' என்ற சொல்லுக்கு உடம்பைக் குளிர்வித்து என்று உரை எழுதிப் பாருங்கள். மேலே நின்று குளிர்வித்தவன் கைக்கு அடிமணல் எப்படி வந்தது? கரையில் நிற்பவர்களுக்குக் காட்டத்தானே அந்த மணல்? அடியைத் தொட்டுவந்ததற்கு அதுதான் சாட்சி. எங்கள் பக்கத்துக் கிணறுகளிலும் இதே பந்தயம் உண்டு. முங்கிப் போனவன் மேலே வந்து மூச்சு வாங்கும் முன்பே கையை விரித்துக் காட்டுவான். விரலிடுக்கில் கருஞ்சேறு வழியும்.

வள்ளுவர் இன்னும் கறாராகச் சொல்கிறார். கள்ளுண்டு மயங்கியவனிடம் நியாயம் எடுத்துச் சொல்வது, நீருக்கடியில் குளித்தவனை விளக்கேந்தித் தேடுவது போன்றது என்பது 929ஆம் குறள். குளித்தவன் கண்ணுக்குத் தெரியாமல் மூழ்கிக் கிடக்கிறான். அதனால்தான் தேட வேண்டியிருக்கிறது. படித்துறையில் உடம்பைக் குளிர்வித்துக்கொண்டு நிற்பவனை எவன் விளக்கோடு தேடப் போகிறான்?

தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளித்தவர்கள் கல்லின் கனத்தில் இறங்கி, மூச்சடக்கிச் சிப்பி பொறுக்கினார்கள். சங்கு எடுப்பவர்களுக்கு இன்றும் சங்குகுளிகள் என்றே பெயர். உடம்பு குளிரவா இறங்கினார்கள்? அம்பு மார்பில் குளித்தது என்று புலவர்கள் எழுதும்போதும் உள்ளே புகுந்து அழுந்தியது என்றே பொருள்.

நீராடலுக்கு நம்மிடம் உள்ள மற்றச் சொற்களையும் பாருங்கள். முழுகு, மூழ்கு, முங்கு, தோய், படி, ஆடு. யாழ்ப்பாணத்தார் தலைக்குக் குளிப்பதைத் தோய்தல், முழுகுதல் என்பார்கள். இவற்றில் ஒன்றிலாவது குளிர்ச்சி இருக்கிறதா? பரிபாடலின் தைந்நீராடலும் ஆண்டாளின் மார்கழி நீராட்டமும் குளிர்காலத்து விடியலில் நடப்பவை. ஆனாலும் அங்கே குளிர் பருவத்தில் இருக்கிறதே தவிர நீராடுதல் என்ற சொல்லில் இல்லை.

எண்ணெய் தேய்த்தால் வெந்நீரில் குளிப்போம் என்பது தேரையர் விதி. வெந்நீரையும் குளித்தலையும் ஒரே மூச்சில் சொல்ல அவருக்குத் தயக்கமில்லை. இயற்கை மருத்துவர்களும் நீராவிக் குளியல், மண்குளியல், சூரியக் குளியல் என்கிறார்கள். லூயி கூனேயின் முறையை ஒட்டிக் காந்தியடிகள் பழகிய இடுப்புக் குளியலில், தொட்டி நீரில் இடுப்பு அமிழ உட்கார்வார்கள். ஆவிக்குள், மண்ணுக்குள், வெயிலுக்குள், நீருக்குள் என்று எல்லாவற்றிலும் உடம்பு ஒன்றினுள் புகுகிறது.

பச்சைத் தண்ணீருக்கு நான் எதிரி அல்ல. முதல் செம்பு தோளில் விழுந்ததும் மூச்சு 'ஹக்' என்று உள்ளே இழுபடும். தோல் சிலிர்க்கும், நெஞ்சு படபடக்கும். மூன்றாவது செம்பில் உடம்பு தெளிந்துவிடும். அந்தத் தெளிவுக்காகவே மார்கழியிலும் விடமாட்டேன். நெதர்லாந்தில் 3,018 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு 2016இல் வெளியானது. 30 நாள், வெந்நீர்க் குளியலை 30 முதல் 90 விநாடி குளிர்நீரில் முடித்தவர்கள் நோய்விடுப்பு எடுத்தது 29 விழுக்காடு குறைந்தது. நோயுற்ற நாட்கள் குறையவில்லை. சொல்லத்தக்க பயன் இவ்வளவு இருக்க, பொய் வேர் எதற்கு? இதய நோயாளிக்குத் திடீர்க் குளிர் ஆபத்தாகலாம். வெந்நீர் தொட்டால் தமிழுக்கு விரோதம் என்று அவரை அச்சுறுத்துவது பெருங்கொடுமை.

வேரைப் பற்றி என் முடிபைச் சொல்லிவிடுகிறேன். பவளம் பவழமாகவும் உளுந்து உழுந்தாகவும் வழங்குவதுபோல் ளகரமும் ழகரமும் மாறி நிற்கும். மண் உள்வாங்கினால் குழி, அதில் நீர் நின்றால் குளம், அந்நீரில் ஆள் புகுந்தால் குளி. மூன்றுக்கும் ஆழமே தாய் என்று கொள்கிறேன். விழுத்தண்டினாரின் பையன் அள்ளிவந்த மணல் ஒன்றே எனக்குப் போதும்.