எழுத்துருவிலிருந்து ஒருங்குறிக்கு: பழைய தமிழ்க் கோப்புகளின் இடப்பெயர்ச்சி

பழைய கணினியில் இருக்கும் ஆங்கிலக் கோப்பைப் புதிய கணினிக்குக் கொண்டுவர, நகலெடுத்தாலே பெரும்பாலும் போதும். தமிழில் அப்படி இருக்கவில்லை. 1980களிலிருந்து 2000களின் தொடக்கம் வரை தட்டச்சு செய்யப்பட்ட தமிழ்க் கோப்புகள் பல, நெகிழ்வட்டிலிருந்து குறுவட்டுக்கும் பிறகு பென் டிரைவுக்கும் பழுதில்லாமல் வந்துசேர்ந்தன. ஆனால் திறந்து பார்த்தபோது பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே தெரிந்தன.

இதற்குக் காரணம் குறியாக்கம். கணினி எழுத்துகளை எண்களாகவே சேமிக்கிறது. ஆங்கிலத்துக்கு 128 இடங்கள் கொண்ட ஆஸ்கி என்ற பொது அட்டவணை 1960களிலேயே அமைந்துவிட்டது. தமிழுக்கு அத்தகைய பொது அட்டவணை இல்லாததால், ஆர்வலர்கள் தத்தம் வழியில் தமிழைக் கணினிக்குக் கொண்டுவந்தார்கள். கனடாவில் சீனிவாசன் உருவாக்கிய ஆதமி, மலேசியாவில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு, சுவிட்சர்லாந்தில் கல்யாணசுந்தரம் உருவாக்கிய மயிலை எழுத்துரு ஆகியவை இவ்வகை முன்னோடி முயற்சிகள். தமிழக அரசு அலுவலகங்களில் வானவில், பதிப்பகங்களில் ஸ்ரீலிபி, ஈழத்தவரிடையே பாமினி என்று ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொன்று வேரூன்றியது.

இவற்றுள் பல எழுத்துருக்கள் செய்தது ஒருவகை ஆள்மாறாட்டம். ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தின் வடிவத்தை வரைந்துவைத்தன. பாமினியில் 'தமிழ்' என்று எழுதினால் கோப்பில் சேமிக்கப்படுவது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். பாமினி எழுத்துரு நிறுவப்பட்ட கணினியில் அது தமிழாகத் தெரியும். மற்றக் கணினிகளில் அந்த ஐந்து குறிகளே தெரியும். சொற்செயலிக் கோப்பாக இருந்தால் எழுத்துருவின் பெயராவது உள்ளே பதிந்திருக்கும். வெறும் உரைக்கோப்பாகச் சேமித்திருந்தால் அந்தத் துப்பும் போய்விடும். பிறகு எந்த எழுத்துரு என்பதை ஊகித்தே கண்டுபிடிக்க வேண்டும்.

1990களின் இறுதியில் இணையத் தமிழர்கள் மின்னஞ்சல் குழுவில் விவாதித்துத் திஸ்கி என்ற பொதுக் குறியாக்கத்தை அமைத்தார்கள். ஆங்கிலத்தை அதன் இடத்திலேயே விட்டுவிட்டு, மேலிருந்த 128 இடங்களில் தமிழை வைத்ததால் இருமொழிக் கோப்புகளுக்கு அது ஏற்றதாக இருந்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை அடுத்துத் தமிழக அரசு டாம், டாப் என்ற தரங்களை அறிவித்தது. தரங்கள் பெருகினவே தவிரச் சிக்கல் குறையவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். இதற்கிடையே, 1991இல் வெளியான ஒருங்குறியின் முதல் பதிப்பிலேயே தமிழுக்குத் தனி இடம் கிடைத்திருந்தது. ஆயினும் விண்டோஸ் 2000 அதனை ஏற்றுக்கொண்ட பிறகே பொதுப் பயன்பாடு தொடங்கியது.

இந்த இடப்பெயர்ச்சியை முழுமையாகக் கடந்துவந்த திட்டங்களுள் மதுரைத் திட்டம் குறிப்பிடத்தக்கது. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய இத்தன்னார்வ முயற்சி, பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாக வழங்கியது. மயிலை வடிவில் தொடங்கித் திஸ்கிக்கும் பின்னர் ஒருங்குறிக்கும் அதன் நூல்கள் மாற்றப்பட்டன. மீண்டும் தட்டச்சு செய்வதென்றால் தன்னார்வலர்களின் பல ஆண்டு உழைப்பு வீணாகியிருக்கும். சுரதா யாழ்வாணனின் பொங்குதமிழ், நியூ ஹொரைசன் மீடியாவின் என்.எச்.எம். மாற்றி போன்ற கருவிகள் தனியாட்களுக்கும் இந்த வசதியைக் கொடுத்தன.

மாற்றி செய்யும் வேலை எளிதன்று. பழைய எழுத்துருக்கள் ஒலியை அல்ல, தோற்றத்தைச் சேமித்தன. 'கொ' என்பதில் கொம்பு முதலில், ககரம் அடுத்து, கால் இறுதியில் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே இருக்கும். ஒருங்குறியிலோ ககரமே முதலில் வரும். எனவே வரிசையை மாற்றியமைக்க வேண்டும்.

அதைவிடத் தொல்லை தருவது ஒரே வடிவத்துக்கு இரண்டு வேலை இருப்பது. 'ர்' என்ற எழுத்தைப் பாமினி, கால் வடிவத்தின்மேல் புள்ளி வைத்தே காட்டும். புள்ளி தொடர்ந்தால் அது கால் அன்று, ரகரம் என்று மாற்றி உணர வேண்டும். உணராவிட்டால் 'அவர்கள்' என்பது 'அவா்கள்' ஆகிவிடும். கண்ணுக்கு வேறுபாடு தெரிவது அரிது. தேடுபொறிக்கு அது வேறு சொல். ஔகாரமும் இப்படித்தான். அதன் சிறகும் ளகரமும் ஒரே வடிவம் என்பதால் 'வெளியீடு' சில கோப்புகளில் 'வௌியீடு' ஆனது; 'ஔவையார்' 'ஒளவையார்' ஆனார். பாமினிக் கோப்பின் நடுவே ஓர் ஆங்கிலப் பெயர் இருந்தால், மாற்றி அதையும் தமிழாகவே கருதிக் குதறிவிடும். ஆகவே மாற்றிய பிறகும் மனிதக் கண்ணால் மெய்ப்புப் பார்ப்பது தவிர்க்க முடியாத வேலையாயிற்று.

2010இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது. அதற்கு வசதி இல்லாத இடங்களில் டேஸ் 16 என்ற குறியாக்கத்தைப் பயன்படுத்தலாம் என்றது. அந்த ஆணை இனி எழுதப்படுவதற்கு வழிகாட்டியது. அதற்கு முன் தட்டச்சான நூல்களும் மலர்களும் ஆய்வேடுகளும் ஒவ்வொன்றாக மாற்றப்பட வேண்டியவையாகவே இருந்தன. மாற்றப்பட்டு இணையத்தில் ஏறியவற்றிலும் 'அவா்கள்', 'வௌியீடு' ஆகிய வடிவங்கள் இன்றும் கிடக்கின்றன. பழைய உரை ஒன்றைத் தேடுபவர், சரியான சொல்லோடு இந்தப் பிழை வடிவங்களையும் இட்டுப் பார்த்தால், முன்பு அகப்படாத பக்கங்கள் சில அகப்படக்கூடும்.